நடையும் மகாமும்: ‘ஜாஸ் சஹாரா’ இசைத்தட்டைக் கேட்டல்

‘ஸமாஉ’ என்ற அரபுச் சொல்லுக்குக் கேட்டல் என்பது நேர்ப்பொருள். நமது கல்வி மரபில் இச்சொல் இரண்டு துறைகளில் கலைச்சொல்லாக வழங்கி வருகிறது. ஹதீஸ் கலையில், ஆசிரியரின் நாவிலிருந்து மாணவர் தம் செவியால் நேரே கேட்டுப் பெறுவதற்கு ஸமாஉ என்று பெயர். ஹதீஸைப் பெற்றுக்கொள்ளும் வழிகளை எட்டாக வகுத்த அறிஞர்கள் இதனையே முதலாவதாக வைத்தார்கள். தஸவ்வுஃப் துறையிலோ, இன்னிசையைச் செவிமடுத்தலுக்கு ஸமாஉ என்று பெயர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அறிவைப் பெறுவதும் இன்பத்தைப் பெறுவதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. காதில் விழுவது வேறு. கேட்டுப் பெற்றுக்கொள்வது வேறு. இவ்விரு பொருளிலும் ஸமாஉ என்று சொல்லத்தக்க ஓர் இசைத்தட்டு 1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் பதிவு செய்யப்பட்டது. அஹ்மத் அப்துல் மாலிக் என்ற ஜாஸ் கலைஞர், ரிவர்சைடு நிறுவனத்திற்காக உருவாக்கிய ‘ஜாஸ் சஹாரா’ என்பதே அது. அதனைக் கேட்பதில் உள்ள இன்பம் எத்தகையது, அது எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசைக்கருவிகள் குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவார்கள். அவற்றில் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை.

இசைஞரும் இசைக்குழுவும்

அப்துல் மாலிக் 1927இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர், 1993இல் காலமானவர். அவருடைய முதன்மைக் கருவி டபுள் பேஸ். ஆளுயரத்திற்கு மேல் நிற்கும் இந்த நான்கு நரம்புக் கருவியை ஜாஸ் இசையில் பெரும்பாலும் வில்லின்றி விரலாலேயே மீட்டுவார்கள். குழுவில் மிகத் தாழ்ந்த ஒலி அதனுடையது. கேட்போர் அதனைத் தனியே கவனிப்பது அரிது. ஆனால் அது நின்றுவிட்டால் முழுக்கட்டடமும் ஆட்டம் காண்பதை எவரும் உணர்வர்.

அவர் கையாண்ட மற்றொரு கருவி ‘ஊத்’ எனும் அரபு வீணை. ஐரோப்பியரின் ‘லூட்’ என்ற கருவிப் பெயர் ‘அல்ஊத்’ என்ற சொல்லின் திரிபே என்பதை மொழி அறிஞர்கள் காட்டியுள்ளனர். இவ்விரு கருவிகளுக்கும் இடையே தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. அமைப்பில் உறவு உண்டு. இரண்டின் நரம்புகளும் பெரும்பாலும் நான்காம் சுர இடைவெளியில் சுருதி கூட்டப்படுபவை. இரண்டிலும் கழுத்துப் பகுதியில் கட்டைகளோ மெட்டுகளோ இல்லை. எனவே வாசிப்பவரின் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம் பிறக்கிறது. பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் நுண்சுரங்களை இவ்விரு கருவிகளும் தொட வல்லவை. அரபு இசையின் உயிர் அந்நுண்சுரங்களிலேயே இருக்கிறது.

இசைத்தட்டில் அவருடன் வாசித்தவர்கள் இரு திசையினர். நயீம் கரக்கந்த் வயலின் வாசித்தார். ஹலப் என்று நாம் அறிந்த அலெப்போ நகரில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய அரபியரிடையே பல ஆண்டுகளாகப் புகழ்பெற்றிருந்தவர் அவர். ஜாக் கனாயிம் கானூன் வாசித்தார். சட்டத்தைக் குறிக்கும் அதே சொல்லைப் பெயராகக் கொண்ட இக்கருவி, மடியில் கிடத்தி மீட்டப்படும் பல நரம்புக் கருவியாகும். மைக் ஹம்வே தர்புகா முழக்கினார். பிலால் அப்துர் ரஹ்மான் துஃப் கொட்டினார். நம் பக்கீர்மார்களின் கையில் காணும் தாயிராவுக்கு இது நெருங்கிய உறவு. ஜாஸ் தரப்பிலிருந்து வந்தவர்கள் இருவர்: டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் ஜானி கிரிஃபின், டிரம்ஸ் கலைஞர் அல் ஹேர்வுட். பியானோ இல்லை. இந்த இல்லாமை முக்கியமானது. பியானோ இருந்திருப்பின், அதன் நிலையான கட்டைகள் நுண்சுரங்களின் வாயை அடைத்திருக்கும்.

நடத்தலும் நிற்றலும்

இவ்விசைத்தட்டின் இன்பத்தைப் புரிந்துகொள்ள, அதற்குச் சற்று முன் இதே கலைஞர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அறிதல் வேண்டும். 1957–58 ஆண்டுகளில் அவர் தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் குழுவில் பேஸ் வாசித்தார். 1957 நவம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் நிகழ்த்திய கச்சேரியில் பேஸ் அவருடையதே. அக்கச்சேரியின் ஒலிப்பதிவு 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு அதே ஆண்டில் வெளியாயிற்று. 1958 ஆகஸ்ட் மாதம் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் மங்க் குழுவினர் வாசித்தது ‘மிஸ்டீரியோசோ’ என்ற இசைத்தட்டாக வந்தது. அதிலும் கிரிஃபினும் அப்துல் மாலிக்கும் அருகருகே நிற்கிறார்கள். ‘ஜாஸ் சஹாரா’ அதற்கு இரண்டே மாதம் பிந்தியது.

‘மிஸ்டீரியோசோ’வில் பேஸ் நடக்கிறது. இதை நாம் உவமையாகச் சொல்லவில்லை. ஜாஸ் கலைஞர்களே இவ்வகை வாசிப்பை ‘நடை’ என்றுதான் அழைக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரமாக, ஒரு பண்ணடுக்கிலிருந்து அடுத்த பண்ணடுக்குக்கு பேஸ் படியேறியும் படியிறங்கியும் செல்கிறது. மேலே பாடும் கருவிகள் அந்த நடையை நம்பித் தாவுகின்றன. அடுத்து எங்கே திரும்பப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பும் அது நிறைவேறும் கணமுமே அங்கே இன்பம்.

‘ஜாஸ் சஹாரா’வில் அதே கைகள் நடப்பதை விட்டுவிடுகின்றன. பண்ணடுக்குகள் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலியில் ஒரு சிறு தொடரைப் பேஸ் எடுத்துக்கொள்கிறது. அதனையே மீண்டும் மீண்டும் வாசிக்கிறது. மேலே வயலினும் கானூனும் ஒரே மெட்டைச் சேர்ந்து இசைக்கின்றன. ஆயினும் ஒன்றின் அணி மற்றொன்றில் இல்லை. ஒருவர் நீட்டும் இடத்தில் மற்றவர் உதிர்க்கிறார். தர்புகாவும் துஃபும் தாளத்தைத் தாங்குகின்றன.

அரபு இசையில் ராகத்தைப் போன்ற அமைப்புக்கு ‘மகாம்’ என்று பெயர். ‘காம’ என்ற வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு நிற்கும் இடம் என்று பொருள். மெட்டு புறப்பட்டுச் சென்று திரும்பி வந்து அமரும் ஆதார சுரத்திற்கு ‘கரார்’ என்று பெயர். தங்குமிடம் என்பது அதன் பொருள். ஆக, ஜாஸ் பேஸின் இலக்கணம் நடத்தல். மகாமின் இலக்கணம் நிற்றல். இத்தட்டில் அப்துல் மாலிக் செய்த காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், நடக்கத் தெரிந்த ஒருவர் நிற்கத் துணிந்தார் எனலாம். நடக்கத் தெரியாதவர் நிற்பதில் வியப்பில்லை. மங்க்கின் கடினமான திருப்பங்களை எல்லாம் இரவுதோறும் கடந்து வந்தவர் ஓரிடத்தில் நிற்பதைக் கேட்கும்போதுதான், அந்நிலைக்குள் அடங்கியிருக்கும் வலிமை நமக்குப் புலப்படுகிறது. அவருடைய ஒவ்வொரு மீட்டலிலும் சற்றே முன்னோக்கிய உந்தல் இருக்கிறது. கால் ஊன்றி நிற்பவரின் உடலில் நடையின் நினைவு எஞ்சியிருப்பது போன்றது அது. இத்தட்டின் தனி இன்பம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

மூன்று படிகள்

அறிஞர் ஃபாராபி தமது ‘கிதாபுல் மூசீகல் கபீர்’ நூலில் இன்னிசையை மூவகையாகப் பகுக்கிறார்: செவிக்கு இன்பம் தருவன, மனத்தில் கற்பனைக் காட்சிகளை எழுப்புவன, உள்ளத்தின் உணர்ச்சிகளை அசைப்பன. ‘ஜாஸ் சஹாரா’வைக் கேட்பவர் இம்மூன்று படிகளையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டாம் படியில் ஒரு வழுக்கல் உண்டு.

முதற்படியில் ஐயமில்லை. இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் இசைக்கலை பற்றி எழுதும்போது, நமக்கு இயைந்ததை உணர்வதே இன்பம் என்ற கருத்தை விளக்குகிறார். கானூனின் பளிச்சிடும் உதிர்வும் பேஸின் இருண்ட ஆழமும் அளவோடு பொருந்தும்போது செவி தானே இசைந்துவிடுகிறது.

வழுக்கல் தலைப்பில் இருக்கிறது. ‘சஹாரா’ என்ற பெயரைப் படித்தவுடன் மணல்மேடும் ஒட்டகமும் கண்முன் வந்துவிடுகின்றன. அக்காட்சியை எழுப்புவது இசையன்று, உறை. இங்கே வாசித்தவர்கள் பாலைவனத்திலிருந்து வந்தவர்கள் அல்லர்; நியூயார்க்கின் தெருக்களிலிருந்து வந்தவர்கள். இந்த அரபு இசையின் வேர் ஹலப், டமாஸ்கஸ், கெய்ரோ போன்ற மாநகரங்களில் உள்ளது. அது கற்றறிந்த நகரத்தாரின் கலை. பாலைவனத்தை எதிர்பார்த்துக் கேட்பவர் தம் எதிர்பார்ப்பையே கேட்டு எழுந்துபோவார். 1950களின் அமெரிக்க இசைச் சந்தை ‘கீழ்த்திசை’ என்ற பெயரில் இத்தகைய எதிர்பார்ப்பை நன்றாக விற்றது. அப்துல் மாலிக்கின் தட்டும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்பட்டது அதற்கு நேர்ந்த அநீதி.

மூன்றாம் படியாகிய உள்ள அசைவு பொறுமையுடையவர்க்கே வாய்க்கிறது. நான்கே உருப்படிகள், மொத்தம் நாற்பது நிமிட அளவு. ஒவ்வொன்றும் நீண்டு செல்கிறது. பேஸின் தொடர் பலமுறை திரும்பி வந்த பின்னர், அதனை நாம் கேட்பதை நிறுத்திவிட்டு அதன்மீது நிற்கத் தொடங்குகிறோம். அரபியர் ‘தரப்’ என்று அழைக்கும் பரவசத்தின் வாசல் அங்கேதான் திறக்கிறது.

சாக்ஸஃபோன் வெளியில் நிற்கும் இடம்

இவ்வளவு சொல்லியபின் குறையையும் சொல்லியாக வேண்டும். கிரிஃபின் அக்காலத்தின் மிக விரைவான டெனர் கலைஞர்களுள் ஒருவர். பண்ணடுக்குகள் ஓடி மாறும் இடத்தில் அவருடைய விரைவுக்கு வேலை உண்டு. மாறாத மகாமின்மீது அவ்விரைவு சில இடங்களில் செய்வதறியாது திகைக்கிறது. சாக்ஸஃபோனின் விசைகள் நுண்சுரங்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சுரத்தை ஓரளவு வளைக்கலாமேயன்றி, வயலின் தொடும் இடத்தை அது இயல்பாகத் தொடுவதில்லை. ஆகவே கரக்கந்தின் வயலின் மகாமின் உள்ளே அமர்ந்து பேசும்போது, கிரிஃபினின் சாக்ஸஃபோன் வாசற்படியில் நின்று பேசுகிறது. இரண்டு இசைகளும் கலந்துவிட்டன என்று கூறுவது மிகையாகும். அவை ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றன் பேச்சை மற்றொன்று குறுக்கிடாமல் கேட்டன என்பதே உண்மை.

ஆனால் இக்குறையை அப்துல் மாலிக் மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. அரபுக் கருவிகளைப் பின்னணி அலங்காரமாக்கிச் சாக்ஸஃபோனை முன்னே நிறுத்தியிருந்தால் கேட்போருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1959இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்திற்காக அவர் பதிவு செய்த ‘ஈஸ்ட் மீட்ஸ் வெஸ்ட்’ தட்டில் லீ மார்கன், பென்னி கோல்சன், கர்ட்டிஸ் ஃபுல்லர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் கூடுதலாக இடம்பெற்றனர். அதில் மெருகு மிகுதி. ஊதுகருவிகளின் முழக்கமும் மிகுதி. ஆயினும் முதல் தட்டில் பேஸின் அடியில் நமக்குக் கிடைத்த நிற்குமிடம் அங்கே குறுகிவிடுகிறது. அரபுக் கருவிகள் பேசி முடிக்கும் முன்பே ஊதுகருவிகள் பேச வந்துவிடுகின்றன.

தலைப்புகளின் அரபு

அரபு கற்பிப்போருக்கு இத்தட்டு மற்றோர் இன்பத்தையும் தருகிறது. அது தலைப்புகளைப் படிக்கும் இன்பம். முதல் உருப்படி ‘யா அன்னாஸ்’, மக்களே என்று பொருள் தரப்பட்டுள்ளது. அரபு இலக்கணத்தில் ‘யா’ என்ற விளிச்சொல்லுக்குப் பின் ‘அல்’ சேர்ந்த பெயர் நேராக வருதல் கூடாது. ‘யா அய்யுஹன்னாஸ்’ என்பதே செவ்வழக்கு. பேச்சுவழக்கில் ‘யா நாஸ்’ என்பார்கள். இரண்டாவது ‘இஸ்மஅ’, கேள் என்ற ஏவல். இது பிழையற்றது. மூன்றாவதன் பெயர் உறையில் ‘அல் ஹாரிஸ்’ என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டு, பதற்றமும் ஆவலும் உடையவர் என்ற பொருள் தரப்பட்டுள்ளது. அப்பொருளுக்குரிய சொல் ‘ஹரீஸ்’. ‘ஹாரிஸ்’ என்றால் காவலர். இரண்டாம் உயிரின் நீட்சி இடம் மாறிவிட்டது. நான்காவது ‘ஃபரஹ் அலைனா’, மகிழ்ச்சி நம்மீது என்பது. அடுத்த தட்டில் வரும் ‘லா இப்கீ’ என்ற தலைப்புக்கு அழாதே என்று பொருள் தரப்பட்டுள்ளது. விலக்கலைக் குறிக்கும் ‘லா’வின் பின் ஏவல் வடிவம் வருவதில்லை என்பதை நம் முதலாண்டு மாணவரும் அறிவார்.

இப்பிழைகளை எள்ளுவதற்காக எடுத்துக்காட்டவில்லை. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து மொழி கற்பவரிடம் பெரும்பாலும் இத்தகைய பிழைகள் தோன்றுவதில்லை. இவை காதால் கேட்டுக் கேட்டு மொழியைப் பெற்றவரின் பிழைகள். புரூக்ளினின் அட்லாண்டிக் அவென்யூ, சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து குடியேறிய அரபியரின் கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் பெயர்பெற்றது. அப்பகுதியில் வளர்ந்த ஒருவர் அம்மக்களின் பேச்சையும் இசையையும் செவிவழியே பெற்றதன் தடயம் இத்தலைப்புகளில் உள்ளது. இது நம்மை இக்கட்டுரையின் கடினமான கேள்விக்குக் கொண்டுவருகிறது.

இஸ்னாதும் மத்னும்

அப்துல் மாலிக் தம் தந்தை சூடான் நாட்டவர் என்று கூறிவந்தார். இசை நூல்களும் பல காலம் அவ்வாறே எழுதின. 2012இல் வரலாற்றறிஞர் ராபின் கெல்லி ‘ஆஃப்ரிகா ஸ்பீக்ஸ், அமெரிக்கா ஆன்சர்ஸ்’ என்ற நூலில் ஆவணங்களை ஆராய்ந்து வேறோர் உண்மையைக் காட்டினார். பெற்றோர் கரிபியக் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து குடியேறியவர்கள். பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் ஜோனதன் டிம். இஸ்லாத்தைத் தழுவிய பின்னரே அஹ்மத் அப்துல் மாலிக் ஆனார்.

இதனை அறிந்தபின் இத்தட்டைக் கேட்கும் இன்பம் குறையுமா? குறையும் என்று எண்ணுவோர் உண்டு. அரபு வழிவந்தவரின் அரபு இசை என்று நம்பிக் கேட்டது, இப்போது வேடமாகத் தோன்றுகிறது என்பர். ஹதீஸ் கலையில் பழகிய நமக்கு இவ்வாதத்தின் வலு புரிகிறது. அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதை ஆராயாமல் செய்தியின் உடலாகிய மத்னை ஏற்பது நம் மரபன்று. நடக்காததை நடந்ததாகக் கூறுவது எந்த நோக்கத்திற்காயினும் ஏற்புடையதாகாது. அந்த வம்சாவழி இஸ்னாத் முறிந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அவர் வாழ்ந்த சூழலையும் மறத்தலாகாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நசபை அடிமை வாணிபம் அறுத்தெறிந்திருந்தது. பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் 1964இல்தான் வந்தது. 1940களிலும் 50களிலும் யூசுஃப் லத்தீஃப், அஹ்மத் ஜமால், ஸாஹிப் ஷிஹாப் முதலிய ஜாஸ் கலைஞர்கள் இஸ்லாமியப் பெயர்களை ஏற்றபோது, இழந்த ஒரு நிற்குமிடத்தையும் அவர்கள் தேடினார்கள். வேர் அறுக்கப்பட்டவர் தமக்கென ஒரு வேரைச் சொல்லிக்கொள்வதை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை, புரிந்துகொள்ள முடியும்.

அதற்கும் மேலாக, இசைக்கு வேண்டிய இஸ்னாத் இரத்தத்தால் அமைவதன்று, ஸமாஇனால் அமைவது. மகனுக்குத் தந்தை வழியாக மகாம் இறங்கி வருவதில்லை. அறிந்தவர் அருகே அமர்ந்து, அவர் விரல் நிற்கும் இடத்தைக் கேட்டு, தம் விரலை அங்கே நிறுத்தப் பழகுவதாலேயே அது கைவருகிறது. அந்தத் தொடர் இத்தட்டில் நம் காதெதிரே இருக்கிறது. ஹலபில் பிறந்த முதிய வயலின் கலைஞர் வாசிக்கிறார். புரூக்ளினில் பிறந்தவர் அவருக்குக் கீழே தாழ்ந்த சுரத்தில் நின்று கேட்டுக்கொண்டே தாங்குகிறார். தொடரில் விடுபட்ட கண்ணி ஏதுமில்லை. தந்தை பற்றிய செய்தி பலவீனமானது. செவி பற்றிய செய்தி ஸஹீஹானது என்று துணிந்து கூறலாம்.

இக்கேட்கும் பண்பு அவரை விட்டு அகலவில்லை. 1961 நவம்பரில் கோல்ட்ரேன் வில்லேஜ் வேன்கார்டு விடுதியில் ‘இந்தியா’ என்ற உருப்படியை வாசித்தபோது, சுருதி நரம்பை மீட்டி நின்றவர் அப்துல் மாலிக். அக்கருவி ஊத்தா தம்புராவா என்பதில் பதிவுக் குறிப்புகள் மாறுபடுகின்றன. எதுவாயினும் அவர் ஏற்ற பணி ஒன்றே: மற்றவர் பறப்பதற்குத் தாம் நிற்பது. தம்புராவின் சுருதியில் பழகிய நம் நாட்டுச் செவிகளுக்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

கேட்போருக்கு நாம் பரிந்துரைப்பது இது. முதல் முறை மெட்டைக் கேட்கலாம். இரண்டாம் முறை சாக்ஸஃபோனும் வயலினும் விலகும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை மற்ற அனைத்தையும் விட்டுவிட்டு பேஸை மட்டும் பற்றிக்கொள்ள வேண்டும். உறையிலுள்ள பாலைவனமும் ஆசிரியரின் வம்சாவழி பற்றிய வழக்கும் அப்போது விலகிவிடுகின்றன. ஒரு மனிதர் நிற்கும் இடம் மட்டும் எஞ்சுகிறது. அத்தட்டின் நான்கு தலைப்புகளுள் இலக்கணப் பிழை எவரும் காண முடியாத ஏவல் ஒன்று உண்டு என்று முன்னர்க் கூறினோம். அதற்குக் கீழ்ப்படிவதே இவ்விசைத்தட்டுக்குச் செய்யத்தக்க சிறந்த விமர்சனம்.